டேப் எடுத்து அளந்தவர்: எங்கள் வீட்டு ஹீட் பம்பை மாற்றிய அனுபவம்

2025 ஜனவரியில் ஒரு விடியற்காலை. மணி ஐந்துகூட ஆகியிருக்காது. அப்பா வந்து எங்கள் அறைக்கதவைத் தட்டினார்.

"கண்ணு, எந்திரி. வெளிய மெஷின்ல இருந்து புகை வருது. மாப்பிள்ளையையும் எழுப்பு."

அப்பாவும் அம்மாவும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்பி, வட கரோலினாவில் நாங்கள் இருக்கும் கேரிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா ஊரில் முப்பது வருஷம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். கருகிய காயில் வாசனையைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு டார்ச்சோடு கொல்லைப்பக்கம் போனோம். மெஷினைச் சுற்றி வெள்ளையாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து மோந்து பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "கருகுற வாசம் இல்ல. ஆவி மாதிரித்தான் இருக்குது."

ஆவிதான். ஹீட் பம்ப் என்பது இரண்டு பக்கமும் வேலை செய்யும் ஏசி. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடும் அல்லவா? உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுவதால் வரும் சூடு அது. ஹீட் பம்ப் குளிர்காலத்தில் அதைத் திருப்பிப் போட்டுச் செய்கிறது: வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் விடுகிறது. வெளியே தண்ணீர் உறையும் குளிர் என்றாலும் குழாய்க்குள் ஓடும் கேஸ் அதைவிடக் குளிர்ந்து இருப்பதால் வெப்பம் அதற்குள் போகிறது. அப்படி இழுக்கும்போது வெளி யூனிட்டின் தகடுகளில் பனி படியும். அவ்வப்போது மெஷின் சில நிமிஷம் தன் ஓட்டத்தைத் திருப்பி அந்தப் பனியை உருக்கிக்கொள்ளும். அப்போது கிளம்பும் ஆவியைப் பார்த்துப் பயப்படாத புது ஆள் இந்த ஊரில் இருக்க முடியாது.

ஆனால் அப்பா டார்ச்சை அணைக்கவில்லை. "இங்க பாரு. அடியில மட்டும் ஐஸ் கட்டி நிக்குது. மேல பாதி காஞ்சு கெடக்குது. இது சரியா?" என்றார். சரியில்லை. பனி படிந்தால் தகடு முழுக்க ஒரே சீராகப் படிய வேண்டும். அடியில் மட்டும் கட்டியாக நின்றால் கேஸ் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அப்பாவுக்கும் ஹீட் பம்ப் தெரியாது. ஆனால் எந்த மெஷினிலும் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருந்தால் எங்கோ கோளாறு என்பது அவருடைய தொழில் கண்.

உள்ளே வந்து, வீட்டின் சூட்டை வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். 'ஆக்ஸ் ஹீட்' என்ற எழுத்து எரிந்துகொண்டிருந்தது. அன்று மத்தியானம் வெளியே 45 டிகிரி ஃபாரன்ஹீட் (நம்மூர் செல்சியஸ் கணக்கில் 7) ஆன பிறகும் அது அணையவில்லை. இந்த இரண்டு வார்த்தையை முன்பே கவனித்திருந்தால் ஒரு மாதச் செலவு மிச்சமாகியிருக்கும். அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

ஹீட் பம்புக்குத் துணையாக, அறைகளுக்குக் காற்றைத் தள்ளும் உள் யூனிட்டான ஏர் ஹேண்ட்லரில் ஹீட்டர் காயில் ஒன்று இருக்கும். ஸ்ட்ரிப் என்பார்கள். வெந்நீர் போடும் ஹீட்டர் மாதிரிதான். கடுங்குளிரில் பம்புக்குத் தெம்பு போதாதபோது அது கை கொடுக்கும். எங்கள் வீட்டில் இருந்தது 10 கிலோவாட். ஒரு மணி நேரம் எரிந்தால் 10 யூனிட். அதே வெப்பத்தை, வெளியே 45 டிகிரி இருக்கும்போது, நல்ல நிலையில் ஓடும் ஹீட் பம்ப் மூன்று யூனிட் சொச்சத்தில் கொடுத்துவிடும். வீடு கதகதப்பாகவே இருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பம்ப் முக்கால்வாசி செத்துப்போயிருந்தது. ஸ்ட்ரிப்தான் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த மாத பில் 331 டாலர். அதற்கு முந்தைய ஜனவரியில் 168.

மெஷினின் வயது 18. எங்களுடையது 2007-ல் கட்டிய டவுன்ஹவுஸ், அதாவது பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய வீடு. கட்டும்போதே வைத்த 3 டன் மெஷின். வந்து பார்த்த மெக்கானிக், அட்டிக்கில் (கூரைக்கடியில் இருக்கும் பரண்) உள்ள உள் காயிலில் லீக் என்றார். உள்ளே ஓடுவது ஆர்-22 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரி 1-ஓடு நின்றன. இப்போது கிடைப்பதெல்லாம் பழைய மெஷின்களிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்ததும், முன்பே சேர்த்து வைத்ததும்தான். பவுண்டுக்கு 150 டாலர் என்றார். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் ஊற்றினால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர். காயில் மாற்றிக் கேஸ் நிரப்ப 2,900 டாலர். உள் காயிலை மட்டும் புது கேஸுக்கு மாற்றவும் முடியாது. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓடும் அழுத்தம் ஆர்-22-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயும் வேறு. உள்ளும் வெளியும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றுவது என்று முடிவு செய்தோம். ஆனால் அன்றைக்கே செய்யவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவரிடம் யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள். ஸ்ட்ரிப் ஓடுகிறது, பில் எகிறும், ஆனால் வீடு உறையாது. அப்பா அம்மா அறைக்கு எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தோம். 1,500 வாட். அதைச் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் கார்டில் வேண்டவே வேண்டாம். மார்ச், ஏப்ரலில் வீட்டை அதிகம் சூடாக்கவும் வேண்டாம், குளிர்விக்கவும் வேண்டாம். அந்த நாட்களில்தான் நல்ல காண்ட்ராக்டர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். இரண்டு மாத அதிக பில்லை, நிதானமாக யோசிக்கக் கொடுத்த விலையாக எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் கொட்டேஷன். நான்கு பேரை வரவழைத்தோம். இருவர் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தவர்கள், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னவர், ஒருவர் பெருமாள் கோயிலில் பார்த்த நண்பர் சொன்னவர்.

முதல் ஆள் பதினைந்து நிமிஷம் இருந்தார். வெளி யூனிட்டின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தார். "3 டன் இருக்கிறது, 3 டன்னே போட்டுவிடலாம்." 9,600 டாலர். அட்டிக் ஏணியை இறக்கவே இல்லை. இரண்டாவது ஆள் டேப்லெட்டைத் திறந்து மூன்று விலைகளைக் காட்டினார். நடுவில் இருப்பது 17,900. இன்றே கையெழுத்துப் போட்டால் 1,500 தள்ளுபடி என்றார். மூன்றாமவர் 8,200 சொன்னார். தன்னிடம் ஆர்-410ஏ கேஸ் மெஷின் ஒன்று மிச்சமிருப்பதாகவும், நகராட்சி பெர்மிட் எடுக்காமல் செய்தால் இன்னும் குறைப்பதாகவும் சொன்னார். மூவருக்கும் பொதுவான ஒன்று: யாரும் எங்கள் வீட்டை அளக்கவில்லை.

நான்காமவர் வந்ததும் காலணிக்கு உறை மாட்டிக்கொண்டார். "எந்த அறை குளிராக இருக்கும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அப்பா அம்மா தங்கியிருந்த கிழக்கு அறையைக் காட்டினேன். ஒவ்வொரு ஜன்னலையும் டேப் வைத்து அளந்தார். எந்தத் திசை, எத்தனை கண்ணாடி என்று குறித்தார். அட்டிக்கில் ஏறி, வெப்பம் கூரைவழியாகப் போகாமல் தடுக்கும் பஞ்சு எத்தனை இஞ்ச் இருக்கிறது என்று ஸ்கேல் குத்திப் பார்த்தார். அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்களான டக்ட்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனார். இரண்டு மணி நேரம்.

அப்பா கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "காயில் கட்டறதுக்கு முன்னால பழைய காயிலோட சுத்து எத்தனைன்னு எண்ணோணும், கம்பி கேஜ் பாக்கோணும். எண்ணாம கட்டுன மோட்டாரு ரெண்டு மாசத்துல திரும்பி வந்துரும். இவரு எண்ணறாரு." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பழைய மோட்டாரையே எவனாவது தப்பாக் கட்டியிருந்தா, சுத்த எண்ணியும் புண்ணியமில்ல. அதுக்குத்தான் அந்த மனுசன் ஜன்னல அளக்கறாரு போல" என்றார்.

இந்த விஷயம் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது. 2007-ல் வீடு கட்டியவர் ஏன் 3 டன் வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. டன் என்பது எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அந்த வேகம். மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு). உங்கள் வீட்டுக்கு எத்தனை டன் வேண்டும் என்பதை ஜன்னல், சுவர், கூரை, ஊரின் தட்பவெப்பம் எல்லாம் போட்டுக் கணக்கிட 'மேனுவல் ஜே' என்ற முறை இருக்கிறது. நான்காமவர் அந்தக் கணக்கைப் பன்னிரண்டு பக்கத்தில் அனுப்பினார். அட்டிக் பஞ்சைக் கூட்டி டக்ட்டைச் சரிசெய்தால் எங்களுக்கு 2.5 டன் போதும்.

பெரிய மெஷின் போட்டால் நல்லதுதானே என்று என் கணவர் கேட்டார். எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. கேரியின் ஜூலைப் புழுக்கத்தில் ஏசிக்கு இரண்டு வேலை: குளிர்விப்பது, ஈரத்தை எடுப்பது. பெரிய மெஷின் பத்து நிமிஷத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும். பழைய 3 டன் காலத்தில் கோடையில் பூரி மாவு பிசைந்து வைத்தால்கூடத் தளர்ந்துபோகும், உப்பு ஜாடி கட்டி தட்டும். மெஷின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். நிதானமாக, நீளமாக ஓடும் மெஷின்தான் ஈரத்தை வடிக்கும்.

இதற்காகவே இன்வெர்ட்டர் வகையைத் தேர்ந்தெடுத்தோம். நம்மூர் இன்வெர்ட்டர் ஏசி போலத்தான். கரண்ட் போனால் ஓடும் பேட்டரி இன்வெர்ட்டர் வேறு. முழு வேகத்தில் ஓடி நிற்காமல், தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

டக்ட் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எனக்கு மனசு கொதித்தது இதில்தான். இரண்டாம் தடவை வந்தபோது நான்காமவர் அட்டிக்கிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ஏணி ஏறிப் போனேன். வெளியே நல்ல குளிர். அவர் கிழக்கு மூலையைக் காட்டி, கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். வெதுவெதுவென்று காற்று அடித்தது. அட்டிக்கில் குளிர்காலத்தில் அப்படிக் காற்று அடிக்கக் கூடாது. அப்பா அம்மா அறைக்குப் போகும் டக்ட், தகரக் கழுத்திலிருந்து கழன்று பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டியிருந்த டேப் காய்ந்து பொடியாகக் கையோடு வந்தது. அந்த அறையில் அம்மா கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்த நாட்களில், அவருக்குப் போய்ச் சேர வேண்டிய சூடு கூரைக்கடியில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை வருஷமாக என்று சொல்ல முடியவில்லை. முதல் மூவரில் யாரிடம் வேலையைக் கொடுத்திருந்தாலும், புத்தம்புது மெஷினும் அதே அட்டிக்கைத்தான் சூடாக்கியிருக்கும்.

இன்னொன்று ரிட்டர்ன். அறைகளிலிருந்து காற்றைத் திரும்ப இழுக்கும் வாய் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று. டக்ட்டில் சின்னத் துளை போட்டுக் காற்றழுத்தம் பார்த்தார். நமக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது மாதிரி. 0.5-க்குள் இருக்க வேண்டியது 0.87 இருந்தது. மூக்கை அடைத்துக்கொண்டு ஓடச் சொன்னால் எப்படியோ, அப்படி ஓடியிருக்கிறது அந்த மெஷின். மாடியில் இன்னொரு ரிட்டர்ன் வைப்பது, ஒரு இஞ்ச் ஃபில்டருக்குப் பதில் நான்கு இஞ்ச் பெட்டி வைப்பது என்று முடிவானது. நுணுக்கமான ஃபில்டர் போட்டால் தூசு நன்றாகப் பிடிக்கும் என்று நான் விலை கூடிய மெல்லிய ஃபில்டர்களாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். ரிட்டர்ன் குறுகலாக இருக்கும் வீட்டில் அது மூச்சை இன்னும் இறுக்கும் என்பது இப்போது தெரிகிறது.

நான்காமவர் விலை 13,400. அட்டிக் பஞ்சு தனியாக 1,600. மலிவு இல்லை. ஆனால் முதல் ஆளின் 9,600-ல் டக்ட், ரிட்டர்ன், புதுக் குழாய் எதுவும் கிடையாது. விலையை ஒப்பிடுமுன் எதற்கான விலை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உள், வெளி யூனிட் இரண்டும் சேர்ந்து சோதிக்கப்பட்ட ஜோடிதானா என்பதற்கு, தயாரிப்பாளர்கள் சங்கமான ஏஹெச்ஆர்ஐ-யின் சான்றிதழ் எண் கேளுங்கள். உடனே எடுத்துத் தருபவருக்குத் தன் சரக்கு தெரியும்.

கேஸ் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் வீட்டு ஏசி, ஹீட் பம்புகளை ஆர்-410ஏ-வோடு தயாரிக்கக் கூடாது என்று அமெரிக்க விதி வந்துவிட்டது. அதற்கு முன் தயாரான சரக்கை அந்த வருஷம் முடியும்வரை பொருத்தலாம் என்று இருந்தது. மூன்றாமவர் மலிவாகச் சொன்னது அந்தச் சரக்கு. நாங்கள் வாங்கியது ஆர்-454பி. ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால் 2,000 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். ஆர்-454பி-க்கு அது 500-க்குள். ஆனால் இது லேசாகத் தீப்பிடிக்கும் வகை. அம்மா இதைக் கேட்டதும் "அப்ப வேண்டாஞ்சாமி" என்றார். சமையல் கேஸோடு ஒப்பிட வேண்டியதில்லை. இது எளிதில் பற்றாது, பற்றினாலும் மெதுவாகத்தான் எரியும். ஏர் ஹேண்ட்லருக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. லீக் தெரிந்தால் கம்ப்ரசரை நிறுத்தி, ஃபேனை ஓடவிட்டுக் கேஸைக் கலைத்துவிடும். ஆர்-22-க்காக நாங்கள் பட்டதைப் பார்த்த பிறகு, கைவிடப்படப்போகும் கேஸை விலைக்காக மறுபடி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வசந்தத்திலும் கோடையிலும் ஆர்-454பி சிலிண்டருக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு இருந்தது. எங்கள் காண்ட்ராக்டர் தன்னிடம் சிலிண்டர் இருப்பதை உறுதிசெய்த பிறகே தேதி கொடுத்தார். தேதி கொடுப்பவரிடம் இதையும் கேளுங்கள்.

மே இரண்டாம் வாரம் வேலை. இரண்டு நாள். டவுன்ஹவுஸ் என்பதால் வெளிச்சுவரில் புதுக் குழாய் ஓட்டக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது வரவே மூன்று வாரம் பிடித்தது, முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். சுவருக்குள் இருந்த பழைய குழாயையே கழுவிப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் வந்தது. 18 வருஷப் பழைய எண்ணெய் ஊறிய குழாய் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அப்பாவுக்கு அந்த இரண்டு நாளும் திருவிழா. பழைய கேஸைக் காற்றில் விடாமல் ஒரு மெஷின் வைத்துச் சிலிண்டரில் இழுத்து எடுத்ததை முழுக்க நின்று பார்த்தார். காற்றில் விடுவது இங்கே சட்டப்படி குற்றம். காப்பர் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே மெல்ல நைட்ரஜன் ஓடவிட்டார்கள். இல்லாவிட்டால் குழாய்க்குள் கரிபோலக் கறுப்புச் செதில் படிந்து, பின்னால் மெஷினுக்குள் போய் அடைக்கும். பிறகு நைட்ரஜனை அழுத்தம் ஏற்றி லீக் பார்த்தார்கள். அப்புறம் வேக்கம்.

அந்த வேக்கம் மீட்டரை நானும் அப்பாவும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் உறிஞ்ச உறிஞ்ச எண் இறங்கும். 2,000... 1,200... 800. அங்கே வெகுநேரம் நின்றது. "ஈரம் வெளிய வருது" என்றார் வேலை செய்த பையன், மீட்டரிலிருந்து கண்ணெடுக்காமல், ஆங்கிலத்தில். அப்பாவுக்குச் சொன்னேன், தலையாட்டினார். மெல்ல 600, 500, 430. வால்வை மூடினார். எண் மறுபடி ஏறியது: 470, 490. எனக்குப் பக்கென்றது. 510-ல் நின்றது. பத்து நிமிஷம் அசையவில்லை. ஏறிக்கொண்டே போனால் லீக். கொஞ்சம் ஏறி நின்றால் சரி. இதைச் செய்யாமல் அவசரத்தில் வால்வைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. மெஷின் அன்றைக்கு ஓடும், குளிர்விக்கும். உள்ளே தங்கிய ஈரம் மெல்ல மெல்லக் கம்ப்ரசரைத் தின்றுவிடும். வேக்கம் மீட்டரில் வந்த எண்ணைப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்காமல் தருபவர்தான் அதைச் செய்பவர்.

பெர்மிட் எடுத்ததன் பலன் நான்காம் நாள் தெரிந்தது. நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து, வெளி யூனிட் ஸ்டிக்கரையும் பிரேக்கர் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். புது மெஷினுக்கு அதிகபட்சம் 30 ஆம்ப் பிரேக்கர். பெட்டியில் இருந்ததோ பழைய 40 ஆம்ப். சின்ன மெஷின், குறைந்த கரண்ட். பிரேக்கரும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் மெஷினுக்குள் கோளாறு வந்தாலும் பிரேக்கர் விழாமல் போகலாம். இவ்வளவு கவனமாக வேலை செய்தவர்களே இதை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை வந்து காசு வாங்காமல் மாற்றிக்கொடுத்தார்கள். இரண்டாவது கண் ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் பெர்மிட்.

வாரன்டியைத் தயாரிப்பாளரின் தளத்தில் நாமே பதிவு செய்ய வேண்டும். பல கம்பெனிகளில் 60 அல்லது 90 நாளுக்குள் பதிந்தால்தான் பாகங்களுக்கு 10 வருஷம், இல்லாவிட்டால் பாதி. வேலைக்கூலி அதில் வராது. எங்களுக்கு மத்திய அரசின் வரிச்சலுகை 2,000 டாலர் கிடைத்தது. அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31-க்குள் பொருத்தியவர்களோடு முடிந்துவிட்டது. இனி வாங்குபவர்கள் பழைய விளம்பரங்களை நம்பி அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மாநிலத் திட்டங்களும் உங்கள் மின்நிறுவனத்தின் தள்ளுபடியும் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

கோடை நன்றாகப் போனது. உப்பு ஜாடி கட்டி தட்டவில்லை. அப்பா அம்மா ஜூன் முதல் வாரம் ஊருக்குத் திரும்பினார்கள்.

நவம்பரில் முதல் குளிர் வந்தபோது, காலை ஆறு மணிக்குத் தெர்மோஸ்டாட்டில் மறுபடி அந்த எழுத்து: ஆக்ஸ் ஹீட். வெளியே 41 டிகிரிதான். வயிற்றைக் கலக்கியது. உடனே ஃபோன் போட்டேன். மெஷினில் கோளாறு இல்லை, கோளாறு நான் வைத்த நேர அட்டவணையில். ராத்திரி 64, காலை ஆறுக்கு 70 என்று வைத்திருந்தேன். ஆறு டிகிரி ஒரேயடியாக ஏற்றச் சொன்னால், பம்ப் மட்டும் போதாது என்று தெர்மோஸ்டாட் ஸ்ட்ரிப்பைக் கூப்பிட்டுவிடுகிறது. எரிவாயு எரித்துச் சூடாக்கும் ஃபர்னஸ் வைத்த வீட்டுக்குப் பொருந்தும் சிக்கனம் ஹீட் பம்புக்கு வீண்செலவு. இப்போது ராத்திரியும் பகலும் 68-ல் விட்டுவிட்டோம். இன்னொரு செட்டிங்கும் இருக்கிறது: வெளியே இத்தனை டிகிரிக்கு மேல் ஸ்ட்ரிப் வரவே கூடாது என்று பூட்டிவைக்கலாம். பொருத்தியவர்கள் அதைத் தொடவில்லை. 35-ல் வைத்தோம். 'எமர்ஜென்சி ஹீட்' என்ற பட்டனை ரொம்பக் குளிர்கிறதே என்று அழுத்தாதீர்கள். அது பம்பை நிறுத்திவிட்டு ஸ்ட்ரிப்பை மட்டும் ஓட்டும். வெளி யூனிட் பழுதானால் மட்டும்தான் அது.

இதில் நம் பில் மட்டும் இல்லை. 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, கடுங்குளிரில் மின்சாரம் போதாமல் வட கரோலினாவில் பகுதி பகுதியாகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட காலைகளில் ஊரிலுள்ள எல்லா ஸ்ட்ரிப்பும் ஒரே நேரத்தில் எரியும். இருட்டில் குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியாமல் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

காற்று சூடாக இல்லையே என்றும் சிலர் கேட்பார்கள். ஸ்ட்ரிப்பிலிருந்து வந்த காற்று கையைச் சுடும். பம்பிலிருந்து வருவது 95 டிகிரி அளவில்தான். நம் உடம்பே 98.6 என்பதால் கையில் பட்டால் சூடாகத் தெரியாது. அறைக்கு வேண்டியது 68. அதற்கு அது தாராளம்.

டிசம்பரில் நாங்கள் எரித்தது 790 யூனிட். முந்தைய டிசம்பரில் 1,310. இரண்டு டிசம்பரின் குளிரும் ஒன்றாக இருந்திருக்காது, வீட்டில் ஆட்களும் குறைவு. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த டிசம்பரில் ஒரு காலை, ஜன்னல் வழியாகப் பார்த்தால் மெஷினைச் சுற்றி வெள்ளையாக ஆவி. ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடி வீடியோ பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். கோபியில் அப்போது சாயங்காலம். அடுத்த நிமிஷம் கூப்பிட்டார்.

"கண்ணு, ஆவி கெடக்கட்டும். ஐஸ் எப்பிடிப் புடிச்சிருந்துச்சு? அடியில மட்டுமா?"

"இல்லப்பா. மேல இருந்து கீழ வரைக்கும், ஒரே சீரா."

"எத்தனை நிமிசத்துல நின்னுச்சு?"

"ஆறு."

"வெளிய எத்தனை டிகிரி?"

"31."

"சரி. நோட்டுல எழுதி வை" என்றார். ஏர் ஹேண்ட்லர் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நோட்டில், வேக்கம் 510, காற்றழுத்தம் 0.46 என்று மே மாதம் அவர் கையால் எழுதியதற்குக் கீழே எழுதினேன்.